காவிரியின் மேலும் கீழும்: அண்டை அரசுகளின் கல்வியும் நம் கைத்தொழிலும்

கொடுமுடியில் காவிரியாறு தன் தென்திசைப் போக்கை விட்டுக் கிழக்கு நோக்கித் திரும்புகின்றது. நம்மூர்ப் படித்துறையைத் தொடுகின்ற அந்நீர், அதற்கு முன்னர்க் கொள்ளேகாலத்து எல்லையைத் தழுவி வருவது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வரை அக்கொள்ளேகாலம் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக இருந்தது என்பதை இன்றைய இளைஞர்களுள் பலர் அறியார். மேற்கே கணவாயைக் கடந்தால் வரும் பாலக்காடு, அந்நாளில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கொடுமுடி, கொள்ளேகாலம், பாலக்காடு ஆகிய மூன்று ஊர்களையும் சென்னை அரசே ஆண்டது.

மறுநாள், நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்திற்கும், பாலக்காடு கேரளத்திற்கும் சென்றன. நாம் சென்னையிலேயே நின்றோம். ஒரே ஆட்சியின்கீழ் ஒரே வகை இழிவைச் சுமந்திருந்த மூன்று சேரிகளின் பிள்ளைகள், ஓர் இரவில் மூன்று அரசுகளின் குடிமக்கள் ஆயினர். அதன்பின் அம்மூன்று அரசுகளும் அவர்களுக்கு எவ்வாறு எழுத்தறிவித்தன? எத்தகைய தொழிலைக் கற்பித்தன? எந்த அரசின் வழி எந்த வகையில் சிறந்தது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. வெள்ளிவிழாக் கொண்டாடும் நம் சங்கத்தின் முன் இன்று ஒரு கேள்வி நிற்கின்றது. பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையைப் பட்டப்படிப்பிற்கு அனுப்புவதா, தொழிற்பயிற்சிக்கு அனுப்புவதா என்று பெற்றோர் கேட்கின்றனர். பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டில் இருக்கும் மகனைக் கண்ட தந்தை தொழிலை நாடுகிறார். தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே பழைய நாள்களை எண்ணி நடுங்கும் பாட்டனார் பட்டத்தை நாடுகிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. அந்நியாயங்களின் வேர் வரலாற்றில் இருக்கின்றது.

பள்ளிக் கதவு திறந்த மூன்று வழிகள்

மாநிலங்கள் அமைவதற்கு முன் தென்னாட்டில் சென்னை மாகாணம், மைசூர் அரசு, திருவிதாங்கூர் அரசு ஆகியன தாழ்த்தப்பட்டோர் கல்வியை மூன்று வேறு வழிகளில் அணுகின.

சென்னையின் வழி தனிப்பள்ளி வழியாகும். 1892ஆம் ஆண்டளவில் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் நம் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கை அரசின் கண்ணைத் திறந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கெனச் சலுகைகள் அறிவிக்கப்பட்டன. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1919இல் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கெனத் தொழிலாளர் ஆணையர் என்னும் பதவி உண்டாயிற்று. அத்துறை நடத்திய பள்ளிகளை மக்கள் லேபர் பள்ளி என்றே அழைத்தனர். ஊர்ப்பள்ளி சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சேரியிலேயே பள்ளி கிடைத்தது பெரும்பேறுதான். ஆயினும் ஊர்ப்பள்ளியின் கதவு மூடியே கிடப்பதற்கு அஃதோர் ஏதுவாகவும் அமைந்துவிட்டது. பிற்காலத்து ஆதித்திராவிடர் நலப் பள்ளிகள் இந்த லேபர் பள்ளிகளின் வழித்தோன்றல்களே.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டையாட்சி ஏற்பட்டுக் கல்வித்துறை இந்திய அமைச்சர் கைக்கு வந்தது. மாகாண அரசு தன் கல்விக் கொள்கையைத் தானே வகுக்கும் உரிமையின் முதற்படி அதுவே. அச்சபையில்தான் எம். சி. இராஜா, இரட்டைமலை சீனிவாசன் முதலிய நம் தலைவர்கள் குரல் எழுப்பினர். 1922இல் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்கு மாற்றாக ஆதித்திராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் எல்லார்க்கும் உரியன என்ற தீர்மானம் சீனிவாசனாரால் கொண்டுவரப்பட்டது. பள்ளிக்குச் செல்லும் தெருவில் நடக்கவே உரிமையில்லாதபோது பள்ளிச் சேர்க்கை என்ற ஆணையால் என்ன பயன்? அவ்வாண்டிறுதியில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் அக்கிரகாரத் தெருவைப் பற்றி எழுந்த கலகம் இதை உணர்த்திற்று. அதே ஆண்டில் வைக்கத்துத் தெருக்களுக்காக நம் ஈரோட்டுப் பெரியார் சிறை சென்றதும் ஈண்டு நினையத்தக்கது.

மைசூரின் வழி அரசாணை வழியாகும். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், விசுவேசுவரய்யா திவானாயிருந்தபோது, 1913இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்குச் சட்டம் வகுக்கப்பட்டது. 1916இல் பல்கலைக்கழகம் எழுந்தது. கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியார் அங்குக் கல்வித்துறையில் பணியாற்றியபோது அரசுப் பள்ளிகள் பஞ்சமர் பிள்ளைகளுக்கும் திறக்கப்பட வேண்டும் என்ற கொள்கைக்காக நின்றார். 1918இல் அமர்ந்த மில்லர் குழு, அரசுப் பணிகளில் பிற வகுப்பினர்க்கு உரிய பங்கு வேண்டும் என்றது. இவையெல்லாம் மேலிருந்து வந்த நன்மைகள். கீழே இருந்த மக்கள் திரண்டு கேட்டுப் பெற்றவை அல்ல. ஆகவே அரண்மனைக்கு அருகில் ஒளி மிகுதியாகவும், தொலைவிலுள்ள சிற்றூரில் குறைவாகவும் இருந்தது.

திருவிதாங்கூரின் வழி போராட்ட வழியாகும். 1817இலேயே கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று அங்கு அரசி ஆணையிட்டதைப் பலரும் புகழ்வர். அவ்வாணைக்குப் பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் புலையர் பிள்ளை பள்ளி வாசலை மிதிக்கவில்லை என்பதைச் சொல்வோர் சிலரே. அந்நிலையை மாற்றியவர் எழுத்தறியாத ஒரு மாவீரர், அய்யன்காளி. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று வேளாண் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யச் செய்தார். கூலி உயர்வுக்காக வயலை விட்டு எழுந்தோரை உலகம் கண்டதுண்டு. அரிச்சுவடிக்காக எழுந்தோரை அன்றுதான் கண்டது. 1914இல் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அப்பள்ளியே எரிக்கப்பட்டது. அவர் அயரவில்லை. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் இனத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டபின் இறக்கவேண்டும் என்பதே தம் விருப்பம் என்றாராம்.

தோற்சாலும் மின்பம்பும்

இனித் தொழிலின் வரலாற்றுக்கு வருவோம். கொங்குநாட்டுத் தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. கிணற்றிலிருந்து நீர் இறைத்தது கவலை ஏற்றம். கவலை ஓட்டிய மாட்டை எல்லாரும் பாடினர். சாலின் தோலைப் பதப்படுத்தித் தைத்து, கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்டுக் கொடுத்த அருந்ததிய மக்களின் கையை எவரும் பாடவில்லை. அவர்தம் உழைப்பின்றி ஒரு பாத்தியும் நனைந்திராது. அறுவடையில் அளந்த தானியமே அவர்களுக்குக் கூலியாயிற்று. அத்தொழில் திறன்மிக்க தொழில். ஆனால் அது பிறப்பால் சுமத்தப்பட்டது. கற்றவன் விட்டு விலகவும் இயலாது, கற்றதற்கு விலை கூறவும் இயலாது.

ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்தவர். 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலையும், 1903இல் குரோம் தோல் பதனிடுதலையும் தொடங்கினார். நீரில் நனைந்தும் எளிதில் கெடாத தோலைக் கவலைச் சாலுக்குத் தரவேண்டும் என்பதும் அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. அதே சாட்டர்டன்தான் எண்ணெய் எந்திரத்தால் பம்பு இயக்கிக் கிணற்றுநீர் இறைக்கும் சோதனைகளையும் நடத்தினார். மாகாண அரசு தொழில் வளர்ப்பில் இறங்கலாகாது என 1910இல் இலண்டனிலிருந்து மார்லி பிரபு தடுத்துவிட்டார். தன் கொள்கையைத் தானே வகுக்க இயலாத அரசின் நிலை இதுவே. சாட்டர்டன் 1912இல் மைசூருக்குச் சென்று அங்குத் தொழில்துறை இயக்குநர் ஆனார். சென்னை இழந்ததை மைசூர் பெற்றது. பெங்களூர் பிற்காலத்தில் தொழில்நகராய் ஓங்கியதற்கு அக்காலத்து அரசு இட்ட அடித்தளமும் ஒரு காரணமாகும்.

1932இல் பைகாரா மின்னாற்றல் கிடைத்தபின் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆலைகள் பெருகின. தோட்டந்தோறும் மின்பம்புகள் புகுந்தன. கோவையின் வார்ப்பாலைகளும் பம்புத் தொழிற்சாலைகளும் உலகறிந்தவை. ஆனால் பம்பு வந்த நாளே தோற்சால் தைத்தவனின் தானியமும் நின்றது. தொழிலின் இழிவோடு வருவாயும் போயிற்று. நீர் இறைக்கும் கருவியைப் பல தலைமுறை செய்துவந்த கைகளுக்கு, புதிய கருவியைச் செய்யக் கற்பிப்பதன்றோ அரசின் கடமை? அக்கடமையை அன்று எவரும் எண்ணவில்லை. பம்பு செய்யும் கலை முதலும் உறவும் உடையோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே முதலில் எட்டியது. நம்மவர் பெரும்பாலும் பண்ணையாட்களாக, துப்புரவுத் தொழிலாளராக நின்றனர்.

1953: தொழிற்கல்வி விலங்கான கதை

இப்பின்னணியில்தான் 1953ஆம் ஆண்டின் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் காணவேண்டும். அன்றைய முதலமைச்சர் இராஜாஜி, சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படித்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார். பள்ளிகளின் பற்றாக்குறையைப் போக்க ஒரே கட்டடத்தில் இருமுறைப் பள்ளி நடத்தலாம் என்பது அரசின் வாதம். கைத்தொழிலுக்கு மதிப்புத் தருகிறோம் என்றும் கூறினர்.

மரம் இழைப்பவன் மகன் உளியைப் பிடிக்கலாம். நெய்பவன் மகன் தறியில் அமரலாம். மலம் அள்ளும் தந்தையின் மகன் எதைப் பழகுவான்? செத்த மாட்டை இழுப்பவன் மகன் பிற்பகலில் எங்குச் செல்வான்? இக்கேள்விக்கு விடை இல்லாமையால்தான் நாடு அத்திட்டத்தைக் குலக்கல்வி என்று அழைத்தது. அவ்வாண்டில் கொள்ளேகாலமும் பாலக்காடும் சென்னை ஆட்சியிலேயே இருந்தமையால் இக்கேள்வி மூன்று ஊர்களுக்கும் பொதுவாயிருந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் நம் கொங்குநாட்டவரே.

நம் பாட்டனார் தொழிற்கல்வி என்ற சொல்லுக்கே அஞ்சுவது இதனால்தான். கைத்தொழிலை அவர் இகழ்ந்தாரல்லர். எத்தொழில் என்பதை மாணவனே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத பயிற்சியையே அவர் வெறுத்தார்.

1956க்குப் பின்: மூன்று அரசுகள்

நம் அரசியலமைப்பு கல்வியை முதலில் மாநிலப் பட்டியலில் வைத்தது. தொழிலாளரின் தொழிற்பயிற்சியோ தொடக்கம் முதலே பொதுப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் கல்வியும் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. 1950இல் மைய அரசு தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையங்களின் அன்றாட நிருவாகம் 1956இல்தான் மாநிலங்களுக்குக் கைமாறிற்று. எனவே மாநில எல்லை மாறிய அதே ஆண்டில் தொழிற்பயிற்சியின் பொறுப்பும் மாநிலத்திற்கு வந்தது. பாடத்திட்டமும் சான்றிதழும் நாடு முழுவதற்கும் பொது. கொடுமுடி இளைஞன் பெற்ற பிட்டர் சான்றிதழ் பெங்களூரிலும் கொச்சியிலும் செல்லும்.

தமிழகம் முதலில் பிள்ளையின் வயிற்றைக் கண்டது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கேரளம் 1984இல் பள்ளி உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சமைத்த உணவை விதித்தபின், 2002இல் கருநாடகம் தொடங்கியது. இதில் நாம் அண்டையாருக்கு வழிகாட்டினோம்.

கேரளம் முதலில் பள்ளியையே கண்டது. 1957இல் அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியரைத் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே நியமிக்கவேண்டும் என்றது. நிருவாகிகள் எதிர்த்தனர்; கிளர்ச்சி மூண்டது; 1959 சூலை 31இல் அவ்வாட்சியே கலைக்கப்பட்டது. அந்த நியமன விதியும் செயலுக்கு வரவில்லை. விளைவு யாது? அரசு ஊதியம் தரும் தனியார் பள்ளி, கல்லூரிகளில் நம் இனத்து ஆசிரியர் இன்றும் மிகச் சிலரே. பிள்ளைகள் யாவரும் கற்றனர். கற்பிக்கும் நாற்காலி மட்டும் நம்மவர்க்கு எட்டவில்லை. எழுத்தறிவில் முதலிடம் பெற்ற கேரளத்தையும் நாம் கண்மூடிப் புகழாதிருக்க இதுவே காரணம்.

கருநாடகம் முதலில் பங்கீட்டைக் கண்டது. தேவராஜ் அர்ஸ் அமைத்த ஆவனூர் ஆணையம் 1975இல் அறிக்கை தந்தது. 1990களின் பிற்பகுதியில் மொரார்ஜி தேசாய் பெயரால் உண்டுறைப் பள்ளிகள் தோன்றின. 1972இல் பெங்களூரில் டென்மார்க்கின் உதவியோடு தொடங்கிய அரசுக் கருவிப்பட்டறைப் பயிற்சி நிலையம், எந்திரக் கருவி செய்யும் நுண்திறனைக் கற்பித்துப் பல ஊர்களிலும் கிளைத்தது. தொழிற்கல்வியை மேனிலைக் கல்வியோடு இணைப்பதிலும் மூன்று மாநிலங்களும் அடுத்தடுத்து இறங்கின. கருநாடகம் 1977-78இலும், தமிழகம் 1978-79இலும், கேரளம் 1983-84இலும் அதைத் தொடங்கின. நம் மக்களுக்கெனக் கடனுதவிக் கழகங்களைக் கேரளம் 1972இலும், தமிழகம் தாட்கோ என்ற பெயரால் 1974இலும், கருநாடகம் 1975இலும் அமைத்தன.

இனி எண்களைக் காண்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பட்டியல் இனத்தவருள் எழுத்தறிவு பெற்றோர் கேரளத்தில் ஏறத்தாழ 89 விழுக்காடு, தமிழகத்தில் 73, கருநாடகத்தில் 65. உயர்கல்வியிலோ வரிசை மாறுகின்றது. 2021-22ஆம் ஆண்டில் எல்லா வகுப்பினரையும் சேர்த்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழகத்தில் 47, கேரளத்தில் 41.3, கருநாடகத்தில் 36.2. அடித்தளத்தில் கேரளமும் மேல்மாடியில் தமிழகமும் முந்தி நிற்கின்றன. நம்மிடம் கல்லூரிக்குச் செல்வோர் மிகுதி. ஆனால் அதே நாட்டில் பட்டியல் இனத்தவருள் நால்வருள் ஒருவர் 2011இல் கையெழுத்தும் அறியார்.

இடஒதுக்கீட்டையும் ஒப்பிட வேண்டும். 2011 கணக்கில் தமிழக மக்களில் பட்டியல் இனத்தவர் 20 விழுக்காடு. ஒதுக்கீடு 1971 முதல் 18 என்ற அளவிலேயே நிற்கின்றது. கருநாடகத்தில் மக்கள் 17 விழுக்காடு. 15ஆக இருந்த ஒதுக்கீட்டை 2022இல் 17ஆக உயர்த்தினர். கேரளத்தில் மக்கள் 9 விழுக்காடு, ஒதுக்கீடு 8. அண்டை அரசு மக்கள்தொகைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டதை நாம் சுட்டிக்காட்டிக் கேட்கலாம் அன்றோ? மற்றொரு வகையில் தமிழகம் முந்தியது. 2009இல் அருந்ததியர்க்கு 18க்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கொங்குநாட்டில் நம்முள்ளும் பின்தங்கிய பிள்ளைக்கு இஃது ஒரு திறவுகோல்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

இவ்வொப்பீட்டிலிருந்து தெளிவது யாது? எந்த அரசும் தானாக முழுமையைத் தரவில்லை. கேட்ட இடத்தில் கிடைத்தது. கேளாத இடத்தில் ஏட்டில் நின்றது. அய்யன்காளியின் மக்கள் கேட்டனர், பெற்றனர். ஆசிரியர் நாற்காலியைப் போதுமான வலுவோடு கேட்க இயலவில்லை, அது கிட்டவில்லை.

பட்டமா தொழிலா என்னும் கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். அவர் காலத்தில் 1944இல் பட்டியல் இன மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகை பிறந்தது. தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும் அவர் துறையிலேயே இருந்தது. ஒரே கையால் பட்டத்தையும் பயிற்சியையும் வளர்த்தவர் அவர். அவர் இரண்டனுள் ஒன்றைத் தள்ளவில்லை. பிறப்பின்படி தொழில் என்பதை மட்டுமே தள்ளினார்.

ஆகவே பள்ளி முழுமையாக முடியுமுன் எந்தப் பிள்ளையையும் தொழிலுக்கு அனுப்பலாகாது. 1953இன் பிழை அதுவே. பள்ளி முடிந்தபின், விரும்பிய தொழிலை விரும்பிய பிள்ளை கற்பதில் இழிவு சிறிதும் இல்லை. பம்பு செய்யும் கடைசல் எந்திரத்தின் முன் நம் மகள் நிற்பாளாயின், தோற்சாலோடு நின்றுபோன ஒரு வரலாறு மீண்டும் தொடங்கும்.

இளைஞர்களே, 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நமக்கெனப் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம் வட்டாரத் தொழிற்சாலைகளில் அவ்விடங்கள் நிரம்பியுள்ளனவா என்று எத்துணைப் பேர் கேட்டறிந்தோம்? 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நம் சேரிப் பிள்ளைகள் எத்துணைப் பேர் சேர்ந்தனர் என்பதைக் கணக்கெடுத்தோமா? தாட்கோவின் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கத் தெரியாமல் நின்றோர் எத்துணைப் பேர்? வரும் ஆண்டுகளில் நம் சங்கம் உதவித்தொகை வழங்குவதோடு அமையாது, ஆண்டுதோறும் இக்கணக்கை எடுத்து உரிய அலுவலகத்தின் முன் வைக்குமாயின், அதுவே வெள்ளிவிழாவின் உண்மைப் பயனாகும்.

பத்துப் பட்டதாரிகளைக் காண ஏங்கினார் ஒரு பெரியவர். இன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே பத்தினும் மிகுதியானோர் உள்ளனர். அவர்கள் ஒவ்வொருவரும் சேரியில் ஒரு பிள்ளையின் கையைப் பற்றிப் பள்ளி வாசல் வரை, பயிற்சிக்கூட வாசல் வரை அழைத்துச் செல்வாராக. காவிரி கொடுமுடியில் திரும்புவதுபோல் நம் மக்களின் வாழ்வும் இங்கே ஒரு திருப்பம் காணட்டும்.